யார் இந்த ராபர்ட்? ஒரு பன்றி, ஒரு தீவு, இரண்டு கொடிகள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பொதுக்குழு விதிமுறை வரைவில் "கூட்டம் ராபர்ட் விதிகளின்படி நடக்கும்" என்று செயலாளர் அண்ணன் எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, "யாருப்பா அந்த ராபர்ட்? நம்ம ஊர்க் கூட்டத்துல அவருக்கு என்ன வேலை?" என்று துபாய் மாமா கேட்டிருந்தார். இதுவரை யாரும் பதில் போடவில்லை. கூட்டம் நடத்தும் முறைகளைப் புத்தகமாக எழுதியவர் அவர். ஆனால் எனக்கு அந்த மனிதரை விதிகளுக்கு முன்பே வேறு வழியில் தெரியும். சியாட்டிலுக்கு வடக்கே ஒரு தீவில், தன்னுடைய 22ஆம் வயதில், ஒரு பன்றி செத்ததால் வந்த தகராறுக்காக மண்கோட்டை கட்டியவர் அவர். விதிகளுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் பன்றி.

1846 ஜூன் 15 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் ஆரிகன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ராக்கி மலைகளுக்கு மேற்கே 49ஆம் அட்சரேகை எல்லை என்று முடிவானது. அந்தக் கோட்டை அப்படியே கடல்மேல் இழுத்தால் வான்கூவர் தீவு இரண்டு துண்டாகிவிடும். அதனால், கண்டத்தையும் வான்கூவர் தீவையும் பிரிக்கும் நீர்வழியின் நடுவாகத் தெற்கே இறங்கி, பசிபிக் கடல்வரை எல்லை போகும் என்று எழுதினார்கள். படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது ஒரு நீர்வழி அல்ல. மேற்கே ஹேரோ நீரிணை, கிழக்கே ரொசாரியோ நீரிணை, இரண்டுக்கும் நடுவில் சான் வான் தீவுக்கூட்டம். ஒப்பந்தத்தில் சொல்லியிருப்பது ரொசாரியோ என்றது பிரிட்டன். ஹேரோ என்றது அமெரிக்கா. ஆக, தீவுகள் இரண்டு பேருக்கும் சொந்தம்.

லம்மி, சாங்ஹீஸ், சானிச் பூர்வகுடி மக்கள் காலங்காலமாக அந்தக் கடலில் சால்மன் பிடித்து வந்தவர்கள். அவர்களை இரண்டு தரப்பும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் பிரிட்டிஷ் வீரர்கள் அணிவகுத்த மைதானம்கூட, அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட சிப்பி ஓட்டு மேட்டைச் சமன் செய்து போட்டதுதான்.

1853 டிசம்பரில் பிரிட்டிஷ் வணிக நிறுவனமான ஹட்சன் வளைகுடாக் கம்பெனி சான் வான் தீவில் 1,369 ஆடுகளைக் கொண்டுவந்து இறக்கிப் பண்ணை போட்டது. பண்ணையைப் பார்த்துக்கொண்டவர் சார்லஸ் கிரிஃபின். மேய்த்தவர்களில் பலர் ஹவாய்க்காரர்கள். இன்று தீவின் ஒரே டவுனான ஃப்ரைடே ஹார்பருக்கு ஜோசஃப் ஃப்ரைடே என்ற ஹவாய் மேய்ப்பரின் பெயர்தான். 1855இல் அமெரிக்கப் பக்கத்து ஷெரிஃப் ஒருவர் வந்து, வரி கட்டவில்லை என்று கம்பெனியின் கிடாக்களைப் பிடித்துக்கொண்டு போனார். அப்போதே உரசல் தொடங்கிவிட்டது. பன்றிமேல் மொத்தப் பழியையும் போடுவது நியாயமில்லை.

1858இல் ஃப்ரேசர் ஆற்றில் தங்கம் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பிய அமெரிக்கர்களில் சிலர் தீவில் குடியேறினார்கள். அவர்களில் ஒருவர் லைமன் கட்லர். கம்பெனி ஆடு மேயும் நல்ல புல்வெளியின் நடுவிலேயே குடிசை போட்டு, பக்கத்தில் உருளைக்கிழங்கு நட்டார். வேலி என்று பெயருக்கு ஏதோ இருந்தது. கிரிஃபினின் பன்றிகள் காட்டில் அவிழ்த்துவிட்டபடி திரிந்தன. 1859 ஜூன் 15 காலை, பெரிய கறுப்புப் பன்றி ஒன்று கிழங்கைத் தோண்டித் தின்றுகொண்டிருந்ததைக் கட்லர் பார்த்தார். அது முதல் தடவை அல்ல. துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார். ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக 13 வருஷம், அதே தேதி.

சுட்டுவிட்டு ஓடி ஒளியவில்லை. தானே கிரிஃபினிடம் போய்ச் சொல்லி, 10 டாலர் தருகிறேன் என்றார். கிரிஃபின் 100 டாலர் கேட்டார். அவ்வளவு பெறாது என்று கட்லர் கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார். அன்றே கம்பெனியின் பெரிய அதிகாரி அலெக்சாண்டர் டல்லாஸ், வான்கூவர் தீவு கவர்னர் ஜேம்ஸ் டக்ளஸின் மருமகன், தீவில் இருந்தார். பணம் கொடுக்காவிட்டால் வான்கூவர் தீவிலுள்ள விக்டோரியாவுக்குப் பிடித்துக்கொண்டுபோய் விசாரிப்போம் என்று அவர் மிரட்டியதாகக் கட்லர் சொன்னார். டல்லாஸ் மறுத்தார்.

நம் பக்கம் வெள்ளாமையில் மேய்ந்த மாட்டைப் பவுண்டில், அதாவது பட்டியில், அடைப்பார்கள், சொந்தக்காரர் தண்டம் கட்டி மீட்டுப் போவார், இரண்டு நாள் முணுமுணுப்போடு முடிந்துவிடும். அதற்கு, யார் வைத்த பவுண்டு என்பதில் சந்தேகம் இருக்கக்கூடாது. இந்தத் தீவில் சந்தேகமே அதில்தான். 10 டாலரா 100 டாலரா என்பதைத் தீர்க்க வேண்டிய நீதிபதி எந்த நாட்டுக்காரர்? அந்தக் கேள்வி வந்ததும் பன்றி பின்னால் போய்விட்டது.

அமெரிக்கக் குடியேறிகள் பாதுகாப்புக் கேட்டு மனு எழுதினார்கள். ஆரிகன் ராணுவப் பகுதித் தளபதி வில்லியம் ஹார்னிக்குப் பிரிட்டிஷ்காரர்கள் என்றாலே ஆகாது. வாஷிங்டனைக் கேட்காமல் கேப்டன் ஜார்ஜ் பிக்கெட்டை 66 வீரர்களுடன் அனுப்பினார். ஜூலை 27 அன்று இறங்கிய பிக்கெட், இங்கே அமெரிக்கச் சட்டம் மட்டுமே செல்லும் என்று அறிவிப்பு ஒட்டினார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தன் வகுப்பிலேயே கடைசியாகத் தேறியவர் அவர். முகாமை எங்கே போட்டார் தெரியுமா? பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பீரங்கிக்கு நேராக, கடற்கரையில்.

கவர்னர் டக்ளஸ் லேசுப்பட்டவர் அல்ல. ஹட்சன் வளைகுடாக் கம்பெனியிலேயே வளர்ந்து பெரியவரானவர். 31 பீரங்கி கொண்ட 'டிரிப்யூன்' போர்க்கப்பலை கேப்டன் ஜெஃப்ரி ஹார்ன்பியின் தலைமையில் அனுப்பினார். வீரர்களைத் தீவில் இறக்கு என்றும் சொன்னார். ஹார்ன்பி இறக்கவில்லை. கரைக்கு வந்து பிக்கெட்டைச் சந்தித்து, இரண்டு பேரும் சேர்ந்தே இருக்கலாமே என்று கேட்டுப் பார்த்தார். அதற்கு எனக்கு அதிகாரமில்லை என்றார் பிக்கெட். சரி என்று ஹார்ன்பி கப்பலுக்குத் திரும்பிக் காத்திருந்தார். சில நாளில் அவருடைய மேலதிகாரி ரியர் அட்மிரல் பெய்ன்ஸ் வந்து சேர்ந்தார். பன்றிச் சண்டைக்காக இரண்டு பெரிய நாடுகளைப் போரில் இழுத்துவிட மாட்டேன் என்று அவர் சொன்னதாகச் சொல்கிறார்கள். எந்த வார்த்தையில் சொன்னாரோ, ஹார்ன்பி காத்திருந்ததே சரி என்று ஏற்றுக்கொண்டார். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகர்கள் இந்த இரண்டு கடற்படைக்காரர்கள்தான். படைபலம் முழுக்க அவர்கள் கையில் இருந்தது. சுட்டிருந்தால் ஜெயித்திருப்பார்கள். கவர்னரின் உத்தரவும் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் தீவில் 461 அமெரிக்க வீரர்கள், 14 பீரங்கிகள். எதிரே கப்பல்களில் 2,140 பிரிட்டிஷ்காரர்கள். இத்தனைக்கும் நடுவில் விக்டோரியாவிலிருந்து உல்லாசப் படகில் வந்து ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு தரப்பு அதிகாரிகளும் பிரிட்டிஷ் கப்பலில் ஒன்றாக ஞாயிறு வழிபாடு செய்தார்கள். அப்புறம் கிரிஃபின் வீட்டில், அதாவது பன்றியைப் பறிகொடுத்தவர் வீட்டிலேயே, விஸ்கியும் சுருட்டுமாக உட்கார்ந்தார்கள்.

தந்தி அந்தக் கரைக்கு இன்னும் வரவில்லை. விஷயம் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர வாரக்கணக்காயிற்று. போனதும் இரண்டு தலைநகரங்களும் அதிர்ந்தன. தூரத்தில் இருந்தவர்கள் நிதானமாகவும், பக்கத்தில் இருந்த ஹார்னியும் டக்ளஸும் சூடாகவும் இருந்தார்கள். நம் குழுவில் இது தலைகீழ். ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து டீ குடிக்கிறார்கள், டல்லாஸிலும் தோஹாவிலும் இருப்பவர்கள் நள்ளிரவில் மடல் போட்டு அடித்துக்கொள்கிறோம். என்னையும் சேர்த்துத்தான்.

அதிபர் புக்கானன் தன் தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டை அனுப்பினார். 73 வயது, குதிரையிலிருந்து விழுந்த அடி வேறு. பனாமா வழியாகச் சுற்றிக்கொண்டு அக்டோபரில் வந்தார். டக்ளஸோடு கடிதம் மாற்றி மாற்றி, தரப்புக்கு நூறு பேருக்கு மேல் போகாமல் இரண்டு நாடும் தீவில் படை வைத்துக்கொள்ளலாம், மீதியைத் தலைநகரங்கள் பேசித் தீர்க்கட்டும் என்று முடித்தார். ஹார்னியை அடுத்த வருஷம் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1860 மார்ச்சில் பிரிட்டிஷ் மரைன் படை தீவின் வடமேற்கில் முகாம் போட்டது. அமெரிக்க முகாம் தென்கோடியில். 12 வருஷம் இப்படியே ஓடியது. ராணி பிறந்தநாளுக்கு அமெரிக்கர்கள் அங்கே, ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினத்துக்குப் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே. இரண்டு முகாமுக்கும் பெரிய தலைவலி எதிரி அல்ல, கள்ளத்தனமாக விற்ற சாராயம். மொத்தக் காலத்திலும் சண்டையில் செத்தது அந்த ஒரு பன்றிதான்.

அதற்குள் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். பிக்கெட் தென்மாநிலப் படையில் சேர்ந்தார். 1863 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க்கில் அவர் பெயரால் இன்றும் பேசப்படும் தாக்குதலில், அவருடைய டிவிஷனில் பாதிக்கு மேல் செத்தும் காயம்பட்டும் பிடிபட்டும் போனார்கள். தீவில் கிடைக்காத போர் அங்கே கிடைத்தது.

1871 வாஷிங்டன் ஒப்பந்தத்தில், ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் தீர்ப்பு சொல்லட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஹேரோவா ரொசாரியோவா, இரண்டில் ஒன்றைத்தான் அவர் சொல்லலாம். நடுவில் இன்னொரு கால்வாய் உண்டு, அதைச் சமரசமாகப் பிரிட்டன் முன்பே சொல்லியும் இருந்தது. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க நடுவருக்கு அனுமதி இல்லை. அமெரிக்கா கொஞ்சம் சாமர்த்தியமாக விளையாடிய இடம் இது என்று நினைக்கிறேன். மேலும், அவர்கள் தரப்பை பெர்லினில் வாதாடிய தூதர் ஜார்ஜ் பாங்க்ராஃப்ட், 1846 ஒப்பந்தம் கையெழுத்தானபோது அமைச்சரவையிலேயே இருந்தவர். 1872 அக்டோபர் 21 அன்று ஹேரோ என்று தீர்ப்பு வந்தது. நவம்பரில் மரைன்கள் கிளம்பினார்கள்.

இனி ராபர்ட். ஹென்ரி மார்ட்டின் ராபர்ட், ராணுவப் பொறியாளர், அப்போது செகண்ட் லெஃப்டினன்ட். பிக்கெட்டுக்குப் பிறகு பொறுப்பேற்ற சைலஸ் கேசி முகாமை மேட்டுக்கு மாற்றினார். அங்கே பீரங்கி வைக்க மண்ணரண் எழுப்பும் வேலை ராபர்ட்டுக்கு வந்தது. வீரர்கள் வாரக்கணக்கில் மண் வெட்டினார்கள். முடிவதற்குள் ஸ்காட் வந்து நிறுத்திவிட்டார். 1863இல் மாசசூசெட்ஸில் ஒரு சர்ச் கூட்டத்துக்கு ராபர்ட்டைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூச்சல் குழப்பம், அவரால் சமாளிக்க முடியவில்லை. அந்த அவமானத்தில் படிக்கத் தொடங்கி 1876இல் வெளியிட்டதுதான், முன்மொழிவது, வழிமொழிவது, ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடாமல் இருப்பது என்று செயலாளர் அண்ணன் வரைவில் போட்டிருக்கும் எல்லாம். பீரங்கி வைக்கப் பழகியவர்தான் கையைத் தூக்கிப் பேசு என்று சொல்லிக் கொடுத்தார், மாமா. அதனால் வரைவில் அந்த வரி இருக்கட்டும் என்பது என் கருத்து.

மண்ணரண் இன்னும் இருக்கிறது, புல் முளைத்து, மேலே நின்றால் இரண்டு பக்கமும் கடல். 1966 முதல் இரண்டு முகாமும் தேசிய வரலாற்றுப் பூங்கா. ஆங்கிலேயர் முகாமில் அமெரிக்க அரசு ஊழியர்களே பிரிட்டிஷ் கொடியை ஏற்றுகிறார்கள்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் அனகார்ட்டஸிலிருந்து ஃபெர்ரி பிடிக்க வேண்டும். காரோடு போனால் கோடையில் முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள், வரிசையிலேயே பொழுது போய்விடும். டிக்கெட் போகும்போது மட்டும்தான், திரும்பி வர வாங்குவதில்லை. இரண்டு முகாமுக்கும் நடுவே போய்வர கார் இருந்தால் வசதி. சாப்பாட்டை ஃப்ரைடே ஹார்பரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், முகாம்களில் ஒன்றும் கிடைக்காது.

அன்புடன்,
கிழக்குத் தெரு வாத்தியார் வீட்டு இளையவன், சியாட்டில்