தைப்பூச நடை: இருட்டில் வண்டிக்காரர் கண்ணுக்கு நாம் தெரிவது எப்படி?

ஆலங்குளம் நடைக்குழு:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ஆலங்குளம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்கிற குழுவை 11 வருடமாக நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். இந்தத் தடவை 22 பேர் மாலை போட்டிருக்கிறோம். அதில் 9 பேர் பெண்கள், 3 பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெண்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். கடையில் பீடியை ஒப்படைத்துவிட்டு வந்தால்தான் அவர்களால் கிளம்ப முடியும், அதனால் ஊரை விட்டு இறங்கும்போதே பொழுது அடைந்துவிடும்.

சீதபற்பநல்லூர், பேட்டை, நெல்லை டவுன், பாளையங்கோட்டை, அப்புறம் கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாகக் கடற்கரை வரைக்கும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பகலில் தார் ரோடு சுடும், வெறுங்காலோடு பிள்ளைகளால் முடியாது. பகலில் மண்டபத்தில் படுத்துவிட்டு ராத்திரியில்தான் நடக்கிறோம்.

போன வருடம் செய்துங்கநல்லூர் தாண்டிக் கருங்குளம் போகிற வழியில், விடிகாலை நாலரை மணி இருக்கும், பின்னால் இருந்து வந்த ஒரு லோடு வண்டியின் கண்ணாடி எங்கள் மதினியின் வலது தோளில் அடித்துவிட்டது. மதினி கடைசியாக வந்துகொண்டிருந்தார். காலில் கொப்புளம் போட்டிருந்ததால் குழுவை விட்டு நூறு அடி பின்தங்கியிருந்தார். டிரைவர் ஓடிப்போகவில்லை. சின்னப் பையன். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஓடிவந்து, "தெரியவே இல்லை அண்ணாச்சி, சத்தியமா தெரியவே இல்லை" என்று கை நடுங்க நின்றான். அவனே 108-க்குப் போன் போட்டான். மதினிக்குத் தோள்பட்டையில் எலும்பு முறிவு. இன்றைக்கும் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மதினி கட்டியிருந்தது கரும்பச்சைச் சேலை. செந்தூருக்கு மாலை போட்டால் எங்கள் பக்கம் பச்சைதான். ராத்திரியில் அது கறுப்புக்குச் சமம்.

பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நிலா வெளிச்சம் இருக்கும் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே நடக்கிற எங்களுக்கு விடிவதற்கு முன்பே நிலா சாய்ந்துவிடுகிறது. தை மாதம் சூரியன் தலைகாட்ட ஆறரை தாண்டுகிறது. நடுவில் இருக்கிற அந்த இருட்டில்தான் எல்லோருக்கும் கண் சொருகும், டிரைவருக்கும் சேர்த்து.

என்ன செய்தால் தெரிவோம்? என்ன வாங்க வேண்டும், எங்கே கட்ட வேண்டும், ரோட்டில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும்? குழுப் பெரியவர்கள் இரண்டு பேர் "விரத உடையில் இதையெல்லாம் ஒட்டக்கூடாது" என்கிறார்கள். அவர்களை மீறி எதுவும் செய்ய எனக்கு மனம் இல்லை. அவர்களுக்குச் சொல்கிற மாதிரி ஒரு பதில் வேண்டும்.

வாழைத்தார் லோடு:

அண்ணாச்சி, முதலில் மதினியின் கை குணமாகட்டும். நான் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வாரத்தில் நாலு ராத்திரி அதே ரோட்டில் வருகிறவன். ஸ்டீயரிங் பிடித்திருக்கிறவன் கண்ணில் என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

எதிரில் வண்டி வந்தால் லைட்டை டிம் செய்துதான் ஓட்ட வேண்டும். டிம் வெளிச்சம் தரையைப் பார்த்து அடிக்கும். ஒரு ஆள் நடந்து போனால் அவர் பாதமும் கெண்டைக்காலும்தான் முதலில் வெளிச்சத்தில் வரும். இடுப்புக்கு மேல் எல்லாம் கிட்டத்தில் வந்த பிறகுதான். அதனால் முதுகில் போடுகிற ஜாக்கெட்டை விடக் கணுக்காலில் கட்டுகிற பட்டை எனக்கு முந்தித் தெரியும். அதுவும் கால் மாறி மாறி ஏறி இறங்குவதால், தூரத்தில் இரண்டு பொட்டு மேலும் கீழும் ஆடினாலே மூளை சொல்லிவிடும், ஆள் நடக்கிறது என்று. ஆடாமல் ஒரு பொட்டு மட்டும் தெரிந்தால் அதை மைல் கல் என்றோ ரோட்டோரக் கம்பம் என்றோ நினைத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

அப்புறம் கணக்கு. 60-ல் போனால் ஒரு நொடிக்கு வண்டி 17 மீட்டர் ஓடுகிறது. ஆளைப் பார்த்து, பிரேக்கில் கால் போய், வண்டி நிற்பதற்குக் காய்ந்த ரோட்டிலேயே 45 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். பாரம் ஏற்றியிருந்தாலோ ரோடு நனைந்திருந்தாலோ இன்னும் அதிகம். கறுப்போ கரும்பச்சையோ உடுத்தவர் டிம் வெளிச்சத்தில் தெரிவது 25, 30 மீட்டரில். அந்தப் பையன் பார்த்தபோதே பிரேக்குக்கு வேலை இல்லை அண்ணாச்சி.

இன்னொன்று. உங்களைப் போன்ற குழுக்கள் முன்னால் ஒரு வண்டியில் முருகன் படம் வைத்து, சீரியல் செட் போட்டு, மைக் கட்டிப் போகிறீர்கள். அது அரை மைலுக்கு முன்னாலேயே தெரிகிறது. ஆனால் கண் அந்த வெளிச்சத்திலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருட்டில் காலை இழுத்துக்கொண்டு வருகிறவர் தெரியவே மாட்டார். நான் இரண்டு தடவை கடைசி ஆளைக் கடைசி நேரத்தில் பார்த்து ஒடித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. விளக்கு வண்டியைக் குழுவுக்குப் பின்னால் விடுங்கள். அது முடியாவிட்டால், யார் பின்தங்கினாலும் நல்ல திடமான ஆள் ஒருவர் அவருக்கும் பின்னால்தான் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் சிவப்பு விளக்கு இருக்கட்டும்.

டார்ச் வைத்திருக்கிறவர்கள் தரையில் அடிக்கச் சொல்லுங்கள். வண்டி வருகிறதே என்று எங்கள் முகத்துக்கு நேராக அடித்தால் சில நொடிக்கு எதுவும் தெரியாது.

பக்கம் கேட்டீர்கள். நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரம். எதிரே வருகிற வண்டியை நீங்களே பார்க்கலாம், ஒதுங்கலாம். மதினி இடது ஓரமாகப் போயிருக்கிறார், அதனால்தான் வலது தோளில் அடி. ஒரே ஒரு விஷயம், ரோடு வலப்பக்கம் வளைகிற இடத்தில் உள்ளோரத்தில் நடந்தால் நாங்கள் திரும்பி வரும்போது ஆள் மறைந்துவிடுவார். அங்கே மட்டும் வளைவுக்கு முன்பே சேர்ந்து குறுக்கே போய், வளைவு தாண்டித் திரும்பி வாருங்கள்.

பாளை ரேடியம் கடை:

வாகன நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறேன். பூச சமயத்தில் நிறையப் பேர் வந்து தப்பான சாமானைக் கேட்டு வாங்குகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் எல்லாவற்றையும் ரேடியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் உள்ளே மூன்று வகை. இருட்டில் தானாகப் பச்சையாய் மினுங்குவது ஒன்று, பிள்ளைகள் ரூமில் ஒட்டுகிற நட்சத்திரம் மாதிரி. அது கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும், ரோட்டுக்கு உதவாது. இரண்டாவது, கண்ணைப் பறிக்கிற இளம்பச்சை, ஆரஞ்சு பனியன் துணி. பகலிலும் மூடாக்கு நேரத்திலும் அருமையாகத் தெரியும். ஆனால் வெயில் வெளிச்சத்தில் இருக்கிற புற ஊதாவை வாங்கித்தான் அது பளிச்சிடுகிறது, ராத்திரியில் அது சாதாரண வெளிர் துணிதான். மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது. பார்க்கச் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும், யாருக்கும் பிடிக்காது. அதில் பொடிப் பொடியாகக் கண்ணாடி மணி பதித்திருக்கும். எந்தப் பக்கம் இருந்து வெளிச்சம் வந்ததோ அந்தப் பக்கமே திருப்பி அனுப்பும். அதனால்தான் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது, டிரைவருக்கு மட்டும் வெள்ளையாய் எரியும். 150 மீட்டருக்குக் குறையாமல் தெரியும்.

கடையில் சோதிப்பது சுலபம். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பட்டையைப் பாருங்கள். குப்பென்று வெள்ளையாகத் தெரிந்தால் வாங்குங்கள். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் நல்ல பட்டையே மங்கலாகத்தான் தெரியும். அதை நம்பி வேண்டாம் என்று போனவர்கள் உண்டு.

ஒட்டுகிற ஸ்டிக்கர் துணியில் நிற்காது, பனி பட்டால் உரிந்துவிடும். தைக்கிற பட்டை கிடைக்கிறது, இரண்டு அங்குல அகலம் வாங்குங்கள். தோளில் பை மாட்டினால் முதுகுப் பட்டை மறைந்துவிடும், குளிருக்குச் சால்வை போர்த்தினாலும் அப்படித்தான். அதனால் பையின் மேலும் ஒரு துண்டு தைத்துவிடுங்கள். சேறு, தூசி படிந்தால் ஈரத் துணியால் துடைத்தால் போதும். உங்கள் கூட வருகிற வண்டிக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். மாற்றி ஒட்டினால் எதிரே வருகிறவர் குழம்புவார்.

கோலக்காரி:

அண்ணாச்சி, நடக்கிறவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், மார்கழியில் நாங்கள் ரோட்டில் உட்கார்ந்தே இருக்கிறோம். எங்கள் தெருவில் வாசல்படி இறங்கினால் ரோடுதான். ஐந்து மணிக்குக் குனிந்து புள்ளி வைக்கிறபோது எங்கள் உயரம் இரண்டடி. 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பைக்குகளில் ஸ்டார்ட் செய்தாலே முன்விளக்கு எரிகிறது. பால் கொண்டுவருகிறவர்களின் பழைய மொபெட்டில் அது கிடையாது, தெருவிளக்கு போதும் என்று அணைத்துவிட்டு வருகிறார்கள்.

நான் செய்வது இதுதான். கோலத்துக்கு நாலு எட்டு முன்னால் வீட்டு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவேன், பின்பக்கத்துச் சிவப்பு ரிஃப்ளெக்டர் வண்டி வருகிற பக்கம் பார்க்கிற மாதிரி. நானும் அந்தப் பக்கம் முகம் வைத்துத்தான் உட்காருவேன். பெரிய கோலத்துக்கு மகள் கூட நிற்பாள்.

உங்கள் பெரியவர்களுக்கு ஒரு பதில் சொல்லட்டுமா? காவடி எடுக்கிறவர் காலில் சலங்கை கட்டுகிறார்தானே? அது காதுக்கு, இது கண்ணுக்கு. சலங்கை கட்டுகிற இடத்திலேயே பட்டையையும் கட்டச் சொல்லுங்கள். உடையில் எதுவும் ஒட்ட வேண்டாம்.

ஆலங்குளம் நடைக்குழு:

எழுதின எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சலங்கைப் பதிலை அப்படியே போய்ச் சொன்னேன் அக்கா. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கழற்றிக் கட்டுகிற மாதிரி இருந்தால் சரி" என்றார்.

நேற்று ராத்திரி எட்டரைக்குக் குளத்துக்கரை ரோட்டில் நாங்களே சோதித்துப் பார்த்தோம். அங்கே தெருவிளக்கு கிடையாது. என் பைக்கை நிறுத்தி, டிம் லைட் போட்டு, பெரியவரையே வண்டி மேல் உட்கார வைத்தோம். என் மகன் கரும்பச்சை வேட்டியோடு முதுகைக் காட்டி நடந்தான். முப்பத்தைந்து எட்டு எண்ணுவதற்குள், "எங்கல போனான்?" என்று பெரியவர் கேட்டுவிட்டார். அவன் எட்டு ஒன்று முக்கால் மீட்டர் இருக்கும். லோடு அண்ணாச்சி சொன்ன கணக்கு அப்படியே வந்தது. வெள்ளைத் துண்டைப் போர்த்தி அனுப்பினோம், எழுபது எட்டு வரைக்கும் ஏதோ அசைவது தெரிந்தது. கடைசியாக இரண்டு கணுக்காலிலும் பட்டையைக் கட்டிவிட்டோம். நூறு, நூற்றைம்பது, இருநூறு எட்டு. ஆளே இல்லை, இரண்டு வெள்ளைப் பொட்டு மட்டும் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டு போனது. ஓடை வளைவில் திரும்பிய பிறகுதான் மறைந்தது. பெரியவர் வண்டியை விட்டு இறங்கி, "எனக்கு இரண்டு ஜோடி வை" என்றார், அவ்வளவுதான்.

பாளையில் பட்டை வாங்கி வந்தாயிற்று. மதினி இந்த வருடம் நடக்கவில்லை, விளக்கு வண்டியில் உட்கார்ந்து வருகிறார். வண்டி பின்னால்தான் வரும். பழைய பச்சைச் சேலையைக் கிழித்து நாடா மாதிரி மடித்து, அதன் மேல் பட்டையை வைத்து மெஷினில் தைத்துக்கொண்டிருக்கிறார், 22 பேருக்கும் 44. வலது கையை மெஷின் மேல் வைத்தபடியே இடது கையால் துணியைத் தள்ளுகிறார். போன வருடம் கட்டியிருந்த சேலைதான் அது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்றுதான் தெரிய வேண்டும். மழைக்கு அப்புறம் கருங்குளத்துக்கும் புதுக்குடிக்கும் நடுவில் வலது ஓரத்து மண் எப்படி இருக்கிறது? அரித்துக் கிடந்தால் பிள்ளைகளைத் தார் மேலேயே நடத்த வேண்டியிருக்கும்.

வாழைத்தார் லோடு:

வியாழன் ராத்திரி அந்த வழியாகத்தான் வருகிறேன் அண்ணாச்சி. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டு, எந்தெந்த இடம் என்று மைல் கல் நம்பரோடு எழுதுகிறேன். நீங்கள் கிளம்புகிற தேதியையும் போடுங்கள், எங்கள் ஸ்டாண்டில் எழுதி ஒட்டிவிடுகிறேன்.