உதவி தேவை: கருத்துகளைச் சுத்தம் செய்யும் நிரல் சிரிப்பையும் சேர்த்து அழித்துவிடுகிறது

தாமிரபரணி:
வணக்கம். தங்கும் விடுதிகளைப் பற்றிப் பல நாட்டுப் பயணிகள் எழுதும் கருத்துகளைப் பாராட்டு, புகார் என வகைபிரித்துத் தருவது என் பணி. இதற்காகப் பைத்தானில் எழுதிய நிரல், முதலில் இணைய முகவரிகளையும் எண்களையும் நிறுத்தற்குறிகளையும் நீக்கிவிட்டு, எஞ்சிய சொற்களை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறது. சிரிப்புக்கென வைத்திருக்கும் பட்டியலில் ஆங்கில ‘லோல்’, ‘ஹாஹா’ ஆகிய இரண்டும் எமோஜிகளும் மட்டுமே உள்ளன.

தாய்லாந்துக்காரர் ஒருவர், ‘அருமையான சேவை, சுடுதண்ணீர் இரவு பதினொரு மணிக்கு வந்தது 5555’ என்ற பொருளில் எழுதியதை நிரல் பாராட்டு என்று பதிந்துவிட்டது. ஜப்பானியக் கருத்துகளின் கடைசியில் ஏதோ வெட்டுப்படுகிறது. ரஷ்யக் கருத்துகளில் வரிசையாக வரும் அடைப்புக்குறிகள் காணாமல் போகின்றன. தமிழ்க் கருத்துகளிலோ ‘ஹாஹாஹா’ என்பது ‘ஹ ஹ ஹ’ என்று சிதறி வெளிவருகிறது. எந்த இடத்தில் திருத்த வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல முடியுமா?

கடலோடி (பாங்காக்):
அந்த 5555 எண் அல்ல, சிரிப்பு. தாய்லாந்து மொழியில் ஐந்து என்ற எண்ணை ‘ஹா’ என்றே உச்சரிப்பார்கள் என்பதால் 555 என்று எழுதினால் ‘ஹாஹாஹா’ என்றாகிவிடும். சிரிப்பு அடங்கவில்லை என்று காட்டக் கடைசியில் ஒரு கூட்டல் குறியும் சேர்ப்பதுண்டு. சிலர் தாய்லாந்து எழுத்து வடிவ எண்களிலேயே எழுதுவார்கள், ஆகவே அவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, அறை எண் 555 என்றோ 555 பாட் (தாய்லாந்து நாணயம்) என்றோ வருவதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது சற்று விபரீதமானது: சீன மொழியில் ஐந்தின் ஒலி ‘வூ’ என்பதால் அங்கே அதே 555 விம்மி அழுவதைக் குறிக்கும். சீனர்கள் சிரிப்பதற்கு எழுதும் எண் 2333. ஒரு பழைய இணைய மன்றத்தின் உணர்வுப்படங்களில் விழுந்து சிரிக்கும் படத்துக்கு 233 என்ற எண் இருந்ததிலிருந்து அது பிறந்தது. ஆகவே எந்த மொழி என்று கண்டறிந்த பிறகே எண்களைத் தொடுங்கள்.

வேட்டைக்காரன்புதூர்:
இவ்வளவு சிரமம் எதற்கு? சிரிப்பு என்றால் மகிழ்ச்சிதானே, மொத்தத்தையும் நீக்கிவிட்டுச் சொற்களை மட்டும் பாருங்கள்.

கடலோடி (பாங்காக்):
கேள்வியில் உள்ள எடுத்துக்காட்டையே மறுபடி படித்துப் பாருங்கள், ஐயா. அந்த வாக்கியத்தில் 5555 இல்லாவிட்டால் ‘அருமையான சேவை’ பாராட்டாகிவிடும்; இருந்தால்தான் அது நக்கல். இந்தோனேசியர்கள் ‘வ்க்வ்க்வ்க்’ என்று மெய்யெழுத்துகளாகவே தட்டிச் சிரிப்பதும் பல நேரங்களில் இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அகரமுதலி:
ஜப்பானியக் கருத்துகள் வெட்டுப்படுவதற்கு, உங்கள் நிரலில் இணைய முகவரியை நீக்கும் வரி காரணமாக இருக்கலாம். சிரிப்பைக் குறிக்கும் ‘வராய்’ என்ற சொல்லுக்கான சீன எழுத்தை அடைப்புக்குறிக்குள் இடுவது அங்கே பழைய வழக்கம். பிறகு அச்சொல்லின் முதல் ஆங்கில எழுத்தான டபிள்யூவை மட்டும் வாக்கிய இறுதியில் ஒட்டவைக்கத் தொடங்கினார்கள். சிரிப்பு மிக மிக டபிள்யூக்கள் நீளும். மூன்று டபிள்யூக்களைக் கண்டதும் முகவரி என்று உங்கள் நிரல் எண்ணிக்கொள்கிறது. அவற்றையடுத்துப் புள்ளி இருந்தால் மட்டும் முகவரி என்று விதியை மாற்றுங்கள். அந்த டபிள்யூ வரிசை பார்வைக்குப் புல் முளைத்ததுபோல் தெரிவதால் ‘புல்’ என்று பொருள்படும் ‘குசா’ என்ற ஒற்றை எழுத்தையே சிரிப்பாக எழுதும் இளைஞர்கள் பலர். தோட்டம் உள்ள விடுதி என்றால் அதில் கவனம் தேவை.

ரஷ்யர்கள் கண்களுக்கான முக்காற்புள்ளியை விட்டுவிட்டு வாயை மட்டும், அதாவது மூடும் அடைப்புக்குறியை மட்டும் இடுவார்கள். ஒன்று இருந்தால் புன்னகை, நான்கைந்து இருந்தால் சிரிப்பு. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கையாக எழுதியதை அடையாளம் காட்ட முன்மொழிந்த பக்கவாட்டு முகத்தில் கண், மூக்கு, வாய் மூன்றும் இருந்தன. ரஷ்யாவில் வாய் மட்டும் மிஞ்சியிருக்கிறது. திறக்கும் குறியே இல்லாமல் மூடும் குறி வந்தால் அதை நீக்காதீர்கள்.

நிரல்மொழியன்:
தமிழ் சிதறுவதற்குக் காரணம் வேறு. எழுத்து வடிவங்களைத் தேடிப் பொருத்த உதவும் பைத்தானின் இயல்பான ‘ரீ’ (re) தொகுப்பில், சொல்லெழுத்தைக் குறிக்கும் சுருக்கக்குறி நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ‘ஹா’ என்பது கணினிக்கு ஹகரமும் துணைக்காலும் ஆகிய இரண்டு குறியீடுகள் என்பதால் துணைக்கால் உதிர்ந்து ஹகரம் மட்டும் நிற்கிறது. உங்கள் தமிழ்க் கருத்துகள் முழுவதும் இப்படித்தான் சிதைந்திருக்கும். ‘சிரிப்பு’ என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள், ‘ச ர ப ப’ என்று வரும். அந்தச் சுருக்கக்குறியை விட்டுவிட்டுத் எழுத்துகளுக்குக் குறியீட்டெண் தரும் யூனிகோட் தரத்தில் தமிழுக்கான தொகுதி முழுவதையும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

கொரியக் கருத்துகளும் வருமென்றால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அவர்கள் உயிரெழுத்தே சேர்க்காமல் ககரம்போல் ஒலிக்கும் ஒரு மெய்யை வரிசையாகத் தட்டுவார்கள். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்கேசி (NFKC) முறையில் யூனிகோடைச் சீராக்கினால் அந்த மெய் வேறொரு குறியீட்டெண்ணுக்கு மாறிவிடுகிறது. விசைப்பலகையிலிருந்து நேராகத் தட்டிய வடிவம் உங்கள் பட்டியலில் இருந்தால் ஒன்றுகூடப் பொருந்தாது. பட்டியலையும் அதே முறையில் சீராக்கிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். எண்ணிக்கையையும் விட்டுவிடாதீர்கள், ஒரே ஒரு மெய் மட்டும் வந்தால் அது பல நேரங்களில் அலட்சியமான ‘ஹ்ம்’ போலவே ஒலிக்கும்.

‘லோல்’ இருக்கிறதே என்று நிம்மதியடையவும் வழியில்லை. 2015 இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பதிவுகளிலேயே சிரித்தவர்களில் 1.9 விழுக்காட்டினர்தான் அதை எழுதினார்கள், 51.4 விழுக்காட்டினர் ‘ஹாஹா’ வகையையும் 33.7 விழுக்காட்டினர் எமோஜியையும் பயன்படுத்தினார்கள்.

தாமிரபரணி:
அனைவருக்கும் மிக்க நன்றி. மொழியைக் கண்டறியும் படியை முதலில் வைத்து, சிரிப்பைப் பாராட்டாகவோ புகாராகவோ எண்ணாமல் ‘சிரிப்பு உள்ளது’ என்ற தனி அடையாளமாக மாற்றிய பிறகே எண்களையும் குறிகளையும் நீக்கும்படி வரிசையை மாற்றினேன். சுடுதண்ணீர்க் கருத்து இப்போது மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய பட்டியலுக்குப் போகிறது. ஒரு சந்தேகம் மட்டும் மீதமுள்ளது: தமிழில் ‘ஹா ஹா’, ‘ஹி ஹி’, ‘ஹெ ஹெ’ மூன்றையும் ஒரே அடையாளமாக வைக்கலாமா?

அகரமுதலி:
வைக்காதீர்கள். ‘ஹா ஹா’ வாய்விட்டுச் சிரிப்பது. ‘ஹி ஹி’ பெரும்பாலும் அசடு வழிவது; ‘மேலாளரிடம் கேட்டேன், ஹி ஹி என்றார்’ என்று எழுதுபவர் சிரிக்கவே இல்லை, மேலாளரைத்தான் இடிக்கிறார். ‘ஹெ ஹெ’ இரண்டுக்கும் நடுவில் நிற்கும், சூழலைப் பார்த்தே பிரிக்க வேண்டும். ‘ஹி ஹி’ வந்த கருத்துகளையும் சுடுதண்ணீர்க் கருத்து போன பட்டியலுக்கே அனுப்பிவிடுங்கள்.