தூக்கத்தில் கணவர் விடாமல் காலை உதறுகிறார்: என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். என் கணவருக்கு வயது 46. கடந்த ஓராண்டாக, அவர் உறங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கால்கள் தாமாக வெட்டி இழுக்கத் தொடங்கிவிடுகின்றன. முதலில் பெருவிரல் விறைத்து நிமிர்கிறது, பிறகு பாதம் மேல்நோக்கி மடங்குகிறது, சில வேளைகளில் முழங்காலும் சேர்ந்து மடங்கி என் மீது உதையாக விழுகிறது. ஓர் உதறலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய அரை நிமிடம் இருக்கும். நான் கண்ணயரும் நேரத்தில் அடுத்தது வந்துவிடுகிறது. காலையில் கேட்டால் அவருக்கு எதுவும் தெரிவதில்லை. நான் மிகைப்படுத்துகிறேன் என்று அவர் நினைக்கிறாரோ என்ற வருத்தம் எனக்கு உண்டு. காலை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், பயனில்லை. தும்மலுக்காக இரவில் ஓர் அலர்ஜி மாத்திரை எடுத்துக்கொள்கிறார்; வேறு மருந்துகள் இல்லை. இது நோயா, வெறும் பழக்கமா? யாரிடம் காட்ட வேண்டும்?

மறுமொழி 1

சகோதரி, உங்கள் சோர்வு எனக்குப் புரிகிறது; என் மனைவிக்கும் இதே தொல்லை இருந்தது. சில விவரங்களைச் சொன்னால் பதில் தெளிவாக இருக்கும். மாலையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருக்குக் காலுக்குள் ஏதோ ஊர்வது போலவோ, எழுந்து நடந்தால்தான் அடங்கும் போலவோ தோன்றுகிறதா? பலத்த குறட்டையும் நடுநடுவே மூச்சு நிற்பதும் உண்டா? கனவில் யாரோடோ சண்டையிடுவது போலக் கத்துவதும் குத்துவதும் உண்டா?

கேட்டவர்

இதுவரை இதைப் பற்றி நான் அவரிடம் கேட்டதே இல்லை. நேற்றுக் கேட்டபோது, மாலை நேரத்தில் காலை ஓரிடத்தில் வைத்திருக்க முடியாத தவிப்பு ஈராண்டுகளாகவே இருப்பதாகவும், அதைச் சொல்லத் தக்க நோயாக நினைக்கவில்லை என்றும் சொன்னார். குறட்டை சிறிதளவு உண்டு; மூச்சு நிற்பதை நான் பார்த்ததில்லை. கத்துவதில்லை. நள்ளிரவு தாண்டினால் உதறல் குறைந்துவிடுகிறது.

மறுமொழி 1

அப்படியென்றால் இரண்டு தொல்லைகள் சேர்ந்து இருக்கலாம். மாலையில் வரும் தவிப்பை ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்பார்கள். சுவீடன் மருத்துவர் எக்போம் 1945இல் அதற்கு இந்தப் பெயரைத் தந்தார். அந்தத் தவிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உறக்கத்திலும் கால் அசைவு வரும். ஒவ்வோர் அசைவும் அரை நொடி முதல் 10 நொடி வரை நீடிக்கும். 5 முதல் 90 நொடி இடைவெளியில் வரிசையாகத் திரும்ப வரும். இரவின் முற்பகுதியில்தான் மிகுதி. நீங்கள் எழுதியிருப்பது இதனுடன் அப்படியே பொருந்துகிறது. பெரியவர்களுக்கு மணிக்கு 15 அசைவுகளுக்கு மேல் போனால் அதை அளவுக்கு மீறியது என்று கொள்கிறார்கள். ஆயினும் எண்ணிக்கை மட்டும் நோயாகிவிடாது, உறக்கமோ பகல் வேலையோ கெடுகிறதா என்பதையும் மருத்துவர் பார்ப்பார்.

கத்துவது பற்றி நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. கனவை உடலால் நடித்துக் காட்டும் தொல்லை பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில் வரும். சிலருக்கு அது பின்னாளில் வரும் நரம்பு நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. மூச்சுத் தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவிலும், மூச்சு மீளும்போது கால் உதறும். அங்கே சரிசெய்ய வேண்டியது மூச்சையே.

உங்கள் கணவரைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியவை இரும்புச்சத்தும் அந்த அலர்ஜி மாத்திரையும். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் இந்தத் தவிப்பைக் கூட்டுவது நன்கு தெரிந்த செய்தி. தூக்கம் தராத வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மனச்சோர்வுக்குத் தரப்படும் பல மாத்திரைகளும், வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடும் இதே வேலையைச் செய்யும். இரும்புக்கு வருவோம். மூளையில் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருள் ஒழுங்காக இயங்க இரும்பு வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு வற்றியிருக்கலாம்; ஆகவே அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைத் தனியாகக் கேட்டுப் பரிசோதிக்க வேண்டும். பொதுவாக மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமும் அதற்குக் கீழும் இருந்தால், இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு இரும்பு தரலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது அந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் உடல் நலமாக உள்ள நாளில் ரத்தம் கொடுக்கட்டும். தாமாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம், மிகுந்தாலும் தீங்கு. மேலும், ஆண் ஒருவருக்கு இரும்பு குறைந்திருந்தால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேடுவது மிக முக்கியம்.

இன்னொன்று. உறங்குபவருக்குத் தெரியாத நோய்க்கு நீங்கள்தான் சாட்சி. போர்வையை விலக்கி, கைப்பேசியில் ஒரு மணி நேரம் காணொளி எடுத்து (அவர் சம்மதத்துடன்) மருத்துவரிடம் காட்டுங்கள். அதன் பிறகு வீட்டிலும் உங்கள் சொல்லுக்கு மதிப்பு கூடும்.

மறுமொழி 2

மருத்துவம் பலன் தரும் வரை நீங்கள் உறங்க வேண்டுமே அம்மா. நாங்கள் ஒரே பெரிய மெத்தையை விட்டுவிட்டு, இரண்டு தனி மெத்தைகளை அடுத்தடுத்துப் போட்டோம், போர்வையும் ஆளுக்கொன்று. அசைவு ஒரு மெத்தையிலிருந்து மற்றதற்குக் கடத்தப்படாததே பாதி விடுதலை. நடுவில் நீளமான தலையணை வைத்தால் உதை நேராக விழாது. காலைப் பிடித்து நிறுத்தாதீர்கள். அசைவு நிற்காது, அவர் விழித்துக்கொள்வார். மிகவும் தளர்ந்த இரவுகளில் வேறு அறையில் படுப்பதில் தவறே இல்லை, ஆனால் அதைக் கோபத்தில் நள்ளிரவில் செய்யாமல், பகலில் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். சொல்லாமல் எழுந்து போன என் தவற்றால், என் வாழ்க்கைத் துணை பல வாரங்கள் தம்மை நான் வெறுப்பதாக நினைத்திருந்தார். மாலைக்குப் பிறகு காபி, மது, புகை ஆகியவற்றை உங்கள் கணவர் விட்டுப் பார்ப்பதும் நல்லது.

கேட்டவர் (நான்கு மாதங்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் நன்றி. காணொளியில் ஒரு மணி நேரத்தில் 62 அசைவுகளை எண்ணினோம். அதைப் பார்த்தபோது என் கணவர் நெடுநேரம் பேசவில்லை; பிறகு என் கையைப் பிடித்து, "இத்தனை நாள் தூங்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ஃபெரிட்டின் 19 இருந்தது. குடலைப் பரிசோதித்ததில் வயிற்றில் சிறு புண் தெரிந்தது. அதற்கும் சிகிச்சை நடக்கிறது. அலர்ஜி மாத்திரையை மாற்றிவிட்டார்கள். இரும்பு மாத்திரை மூன்று மாதங்களாக எடுக்கிறார். மாலைத் தவிப்பு பெருமளவு குறைந்துவிட்டது. இரவு உதறல் இன்னும் மணிக்கு 20 வரை இருக்கிறது. டோபமைன் வகை மாத்திரை கேட்கலாமா?

மறுமொழி 1

மகிழ்ச்சி, சகோதரி, குறிப்பாக அந்தப் புண் இப்போதே தெரிந்ததில். அவசரப்பட வேண்டாம். பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற டோபமைன் வகை மாத்திரைகள் முன்பு முதலில் தரப்பட்டன; ஆனால் ஆண்டுக்கணக்கில் எடுக்கும்போது சிலருக்குத் தவிப்பு முன்னைவிடக் கடுமையாகி, பகலிலேயே தொடங்கிவிடுகிறது. என் மனைவிக்கு அதுவே நடந்தது. அதனால் இப்போது தேவைப்பட்டால் நரம்பு வலிக்கும் தரப்படும் காபாபென்டின், ப்ரீகாபாலின் வகையை முதலில் எண்ணுகிறார்கள். ஃபெரிட்டினை மறுபடி பார்த்து, 75ஐத் தாண்டிய பிறகும் உதறல் அவர் உறக்கத்தைக் கெடுத்தால், கால் தசையிலும் உணரிகள் ஒட்டி இரவு முழுவதும் பதிவு செய்யும் உறக்கப் பரிசோதனையைக் கேளுங்கள். அதுவரை இரண்டு மெத்தைகளும் அப்படியே இருக்கட்டும்.