பதில்: யூஸ் ஆஃப்டர் ஃப்ரீக்கு "விட்டதைத் தொடல்"னு வைக்கலாமா

வணக்கம்,

யூஸ் ஆஃப்டர் ஃப்ரீக்கு, அதாவது ஃப்ரீ பண்ணி (திருப்பிக் குடுத்து) முடிச்ச மெமரிய ப்ரோக்ராம் மறுபடி தொடற பிழைக்கு, தமிழ்ச் சொல் தேடற இழைக்கு என் பதில் இது.

> "விடுவிப்புக்குப் பிந்தைய பயன்பாடு"ன்னே வச்சுடலாம், அர்த்தம் சரியா வருது

அர்த்தம் வருதுங்க, வாயிலதான் வரமாட்டேங்குது. 2019 பிப்ரவரியில லினக்ஸ் கர்னல்ல (இயங்குதளத்தோட மையப் பகுதி), ப்ரோக்ராம்கள் தகவல் அனுப்ப, வாங்க வச்சுக்கற சாக்கெட்டோட கோடுல ஒரு பக் சரி பண்ணாங்களே, அதைப் பத்தி இந்தச் சொல்ல வச்சே ஒரு பக்கம் எழுதிப் பாத்தேன், நாலாவது வரியிலேயே மூச்சு முட்டுது. பயன்பாடுன்னாலே பாதிப் பேருக்கு அப்ளிகேஷன்தான் ஞாபகம் வேற வருது.

அந்த பக் என்னன்னா, ஒரு த்ரெட் (ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஓடற ஒரு வேலை) சாக்கெட்ட க்ளோஸ் பண்ணுது, அதே நேரத்துல இன்னொரு த்ரெட் எஃப்சௌன்அட்ங்கற (fchownat) கர்னல் சேவையக் கூப்பிட்டு அதே சாக்கெட்டோட ஓனரை மாத்துது. க்ளோஸ் பண்ண பக்கம் உள்ள இருந்த சாக் ஸ்ட்ரக்சரை (சாக்கெட்டோட விவரம் இருக்கற மெமரி) ஃப்ரீ பண்ணிடுச்சு, ஆனா அதைக் காட்டுற எஸ்கே பாயிண்டர் பழைய முகவரியையே புடிச்சுக்கிட்டு நிக்குது. ஓனரை மாத்த வந்த த்ரெட் எஸ்கே நல் (வெறுமை) இல்லையே, அப்ப ஆள் இருக்குன்னு நம்பி யூஐடிய (ஓனரோட எண்) அங்க எழுதிடுது. காலி பண்ணிட்டுப் போன வீட்டுக்கு மணியார்டர் போட்ட மாதிரி, அங்க இப்ப யார் குடி வந்திருக்காங்களோ அவங்க தலையில போய் விழும்.

முதல்ல ஏஎஃப்_ஏஎல்ஜிங்கற க்ரிப்டோ வகை சாக்கெட்டுக்கு மட்டும் எஸ்கேவ நல் ஆக்கினாங்க. பாத்தா புளூடூத்தோட எல்2கேப், ஆர்எஃப்காம், எஸ்சிஓ, அப்புறம் எக்ஸ்.25ன்னு நிறைய சாக்கெட் வகைகளோட ரிலீஸ் ஃபங்ஷன்ல (க்ளோஸ் பண்ணும்போது ஓடறது) இதே ஓட்டை. ஒவ்வொருத்தரும் காலத்துக்கும் மறக்காம பண்ணுவாங்கன்னு நம்பிட்டு இருக்காம, எல்லாரும் வந்து போற __சாக்_ரிலீஸ்லயே, அந்தந்த ரிலீஸக் கூப்பிட்ட கையோட நல் ஆக்கிட்டாங்க. ஒரே ஒரு வரி. எனக்கு ரொம்பப் புடிச்ச பேட்ச் அது.

சொல்லுக்கு வரேன். "விட்டதைத் தொடல்"னா வினையாவும் திருப்பிக்கலாம்: "சாக்எஃப்எஸ்_செட்ஆட்டர் விட்டதைத் தொடுது" (ஓனரை எழுதின அந்த ஃபங்ஷன்தான்), "விட்டதைத் தொட்டதால பேனிக் ஆச்சு" (கர்னல் நின்னு போச்சு). படிச்சாலும் எழுதினாலும் தொடல்தான், ரெண்டுக்கும் பொருந்துது. டபுள் ஃப்ரீக்கு (ஒரே மெமரிய ரெண்டு தடவை ஃப்ரீ பண்றது) "விட்டதை விடல்"னு அதே வேர்லயே கிடைச்சுடுது. விட்டகுறை தொட்டகுறைன்னு பேசிப் பழகின வாய்க்கு இது புதுசாவே இருக்காது.

> தொடல்னா டச் ஸ்க்ரீன் ஞாபகம் வராதா?

தொடுதிரைய தொடறது விரல், இங்க கோடு போய் மெமரியத் தொடுது. முன்னாடி "விட்டதை"ன்னு நிக்கும்போது குழப்பம் வராதுங்க.

எனக்கு உறுத்தறது வேற ஒண்ணு. "விட்டுட்டேன்"னா மறந்துட்டேன், தவறவிட்டேன்னும் எடுத்துக்குவாங்க, அப்ப மெமரி லீக் (ஃப்ரீ பண்ண மறந்த மெமரி) பக்கம் அர்த்தம் போயிடும். "விடுத்ததைத் தொடல்"னு மாத்தினா அது தீரும், ஆனா யாரும் பேச்சுல "விடுத்தது"ன்னு சொல்றதில்லை. அதனால என் ஓட்டு "விட்டதை"க்குத்தான். வேற யாராவது இதை மாணவர்கள்கிட்ட சொல்லிப் பாத்துட்டு எப்படி எடுத்துக்கறாங்கன்னு எழுதுங்களேன். சாக்கெட்டுக்குச் சொல் தேடறதத் தனி இழையில வச்சுக்கலாம்.