“இந்த வரி எதற்கு?” – கோடில் இருந்த கமெண்ட், இல்லாமல் போன கமெண்ட்: உங்கள் அனுபவம் என்ன?

திறமூல நிரல்களைப் படிப்பவர்கள், திருத்துபவர்கள் எல்லாரும் எழுதுங்கள். ஒரு கமெண்ட், அதாவது கோடுக்குள் மனிதர்கள் படிக்க எழுதி வைக்கும் குறிப்பு, உங்களைக் காப்பாற்றியிருக்கலாம், அது இல்லாமல் நாள்கணக்கில் திண்டாடியிருக்கலாம். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2008 மே மாதம் ஒரு சின்ன நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாமே டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஓடியவை. 13ஆம் தேதி டெபியனின் பாதுகாப்பு அறிவிப்பு வந்தது: டெபியனில் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருள் உருவாக்கும் கீக்களை (ரகசியச் சாவிகளை) ஊகித்துவிடலாம், 2006 செப்டம்பருக்குப் பிறகு அதில் உருவாக்கிய எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று. இரண்டு நாள் தூக்கமில்லாமல் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் கீ, சான்றிதழ் எல்லாம் புதிதாகப் போட்டோம். முடித்த பிறகுதான் நடந்தது என்ன என்று மூலநிரலைத் திறந்து பார்த்தேன்.

ரேண்டம் எண் தயாரிக்கும் அந்தக் கோப்பில் ஒரே மாதிரி வரி இரண்டு இடத்தில் இருந்தது. ஓரிடத்தில் பக்கத்திலேயே ‘பியூரிஃபை புகார் சொல்கிறது’ என்று ஒரு குட்டிக் கமெண்ட். இன்னொரு இடத்தில் ஒன்றுமே இல்லை. பியூரிஃபை, வால்கிரிண்ட் எல்லாம், மதிப்பு எதுவும் போடாத நினைவகத்தை நிரல் படித்தால் எச்சரிக்கும் கருவிகள். அந்த எச்சரிக்கையை நிறுத்தத்தான் டெபியன் பக்கத்தில் இரண்டு வரியையும் எடுத்துவிட்டார்கள். கமெண்ட் இருந்த வரி போனதில் பெரிய நஷ்டமில்லை. கமெண்ட் இல்லாத வரிதான், வெளியிலிருந்து சேகரித்த எண்ட்ரோபி (ஊகிக்க முடியாத தற்செயல் தரவு) முழுவதையும் உள்ளே கலக்கும் வரி! அது போனதும் மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் புராசஸ் எண் மட்டும். ஒரு வகைக் கீயை எடுத்துக்கொண்டால் மொத்தமே 32 ஆயிரத்துச் சொச்சம்தான் சாத்தியம், அத்தனையையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

இதில் நான் மாற்றியவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அவர் ஓப்பன்எஸ்எஸ்எல் மடல் குழுவில் கேட்டுவிட்டுத்தான் செய்தார். ‘எண்ட்ரோபி இந்த வழியாகத்தான் வருகிறது, எடுக்காதே’ என்று அந்த வரிக்கு மேலே யாராவது எழுதி வைத்திருந்தால் அவர் கேட்க வேண்டிய தேவையே வந்திருக்காது. அன்றிலிருந்து, பார்வைக்குத் தேவையற்றதுபோல் தெரியும் எந்த வரியை நான் எழுதினாலும் அது ஏன் இருக்கிறது என்று எழுதாமல் கமிட் செய்வதில்லை.

*

எனக்குக் கமெண்ட் இல்லாத பிரச்சினை இல்லை, இருந்தும் படிக்க முடியாத பிரச்சினை. ஆபீஸ் மென்பொருளான லிப்ரேஆபீஸ் 2010இல் ஓப்பன்ஆபீஸிலிருந்து பிரிந்தது, அதற்கும் மூலம் ஜெர்மனியில் ஸ்டார்டிவிஷன் எழுதிய ஸ்டார்ஆபீஸ். அதனால் உள்ளே ஏகப்பட்ட கமெண்ட் ஜெர்மனில்தான் இருந்தது. எங்கெங்கே ஜெர்மன் இருக்கிறது என்று தேடித் தர ஒரு ஸ்கிரிப்டே ரெப்போவுக்குள் (மூலநிரல் கிடங்கு) இருந்தது, அப்போது புதிதாக வருபவர்களுக்கு அதை ஆங்கிலத்தில் மாற்றுவதுதான் சுலபமான முதல் வேலை. நானும் அப்படித்தான் நுழைந்தேன், சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் படித்த கொஞ்சம் ஜெர்மனை நம்பி.

ஆவணம் எழுதும் ரைட்டர் பகுதியில் ‘உம்புருக்’ என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. அகராதியில் முதலில் கிடைத்த பொருள் பெரும் மாற்றம், தலைகீழ் மாற்றம். அதையே போட்டு பேட்ச் (திருத்தம்) அனுப்பினேன். ரிவியூ செய்தவர் பொறுமையாகச் சொன்னார், அச்சுத்தொழிலில் அதற்கு வரியோ பக்கமோ முறிவது என்று பொருளாம். அதற்குப் பிறகு அந்த ஃபங்ஷனை முழுக்கப் படித்துவிட்டுத்தான் மேலே இருந்த கமெண்டைத் தொட்டேன். படித்தபோது தெரிந்த இன்னொன்று: சில கமெண்ட் சொல்லும் மாறி (வேரியபிள்) கோடில் எப்போதோ இல்லாமல் போயிருந்தது. அவற்றை மொழிபெயர்க்காதே, அழித்துவிடு என்றார்கள். அப்படி அழித்தது எனக்கு மொழிபெயர்த்ததைவிட நிறைவாக இருந்தது, அடுத்து வருகிறவர் இல்லாத ஒன்றைத் தேடி அலைய வேண்டாம் இல்லையா.

*

நான் சொல்லப்போவது சின்னது. ஒரு தமிழ்ச் சொற்பட்டியலில் ‘ஔவை’ என்று தேடினால் பாதிதான் கிடைத்தது, மீதியை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து வைத்திருந்தார்கள். அதைத் துருவிக்கொண்டே போய் ஹார்ஃப்பஸ் நிரலைத் திறந்தேன், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் எழுத்துகளைக் கோத்துக் காட்டுவது அதுதான். இந்திய எழுத்துகளுக்கான பகுதியில் ‘இவற்றைப் பிரிக்காதே’ என்று ஒரு கமெண்ட், அதன் கீழே நாலைந்து எண்கள். ஒன்றின் பக்கத்தில் ‘தமிழ் எழுத்து ஔ’ என்று இருந்தது. யூனிகோடில் ஔ என்பதை ஒ, அப்புறம் ள போலவே தெரியும் ஒரு குறி என்று பிரிக்க இடம் உண்டு, இங்கே அதைத் தடுத்திருக்கிறார்கள். பெயர் எழுதாமல் எண்ணை மட்டும் விட்டிருந்தால் கடந்து போயிருப்பேன். காரணத்தையும் ஒரு வரி சேர்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், நான் யூனிகோட் அட்டவணையைப் புரட்டித்தான் புரிந்துகொண்டேன்.

*

லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்கு பேட்ச் அனுப்பும் முன், அதைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுவோம். மெமரி பேரியர் (நினைவகத்தில் எழுதும், படிக்கும் வரிசை மாறாமல் தடுக்கும் கட்டளை) போட்டுவிட்டுப் பக்கத்தில் கமெண்ட் எழுதாமல் விட்டால் அது எச்சரிக்கும். எங்கள் டிரைவரில் ஒன்று போட்டிருந்தேன்: தரவை எழுதிவிட்டு அப்புறம்தான் இண்டெக்ஸை மாற்ற வேண்டும், வரிசை மாறக் கூடாது என்பதற்காக. எச்சரிக்கையைப் போக்கக் கமெண்ட் எழுத உட்கார்ந்தேன். படிக்கும் பக்கத்தில் இதற்கு ஜோடியாக இருக்கும் பேரியர் எது என்று எழுத வேண்டும். தேடினேன், அந்தப் பக்கத்தில் பேரியரே இல்லை. எக்ஸ்86 ப்ராசஸர் படிக்கும் வரிசையை மாற்றாது, அதனால் அங்கே பல மாதமாக ஒரு தொல்லையும் தராமல் ஓடியது; ஏஆர்எம் மாற்றக்கூடும், அந்த போர்டில் எப்போதாவது பழைய தரவைக் காட்டியது அதனால்தான். அன்று இரவே இரண்டாவது பேரியரைச் சேர்த்து, இரண்டு இடத்திலும் ஒன்றையொன்று சுட்டிக் கமெண்ட் எழுதினேன்.

*

மேலே சொன்ன ஜோடிக் கமெண்ட் யோசனை பிடித்தது. எங்கள் ரெப்போவில் லாக் எடுக்கும் (ஒரே தரவை ஒரே நேரத்தில் இரண்டு பேர் மாற்றாமல் பூட்டும்) இடங்களை இன்று வரிசையாகத் திறந்து வைத்திருக்கிறேன். பதினேழு இடம், ஆறுக்குத்தான் காரணம் எழுதியிருக்கிறது. மீதியை எழுதியவர்கள் மூன்று பேர் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள், நாளை காலை அவர்களிடம் கேட்டு எழுதிவிடுகிறேன்.