பூவைச் செலவழிக்கும் மொழி

*குழு: தாழ்வாரம்*

முரளி: யாழினி, சீன மொழி கற்கும் செயலியில் இன்று ‘பியே ஹுவா ச்சியென் மாய் ஹுவா’ என்றொரு வாக்கியம் வந்தது. மொத்தம் ஐந்து எழுத்துகள். அவற்றுள் இரண்டாவதும் ஐந்தாவதும் ஒரே எழுத்து. பொருளோ ‘பணத்தைச் செலவழித்துப் பூ வாங்காதே’ என்று போட்டிருக்கிறார்கள். பூவைக் குறிக்கும் எழுத்தே செலவழிப்பதையும் குறிக்கிறது என்றால், படிப்பவர் எதைக்கொண்டு பிரித்தறிகிறார்?

யாழினி: நிற்கும் இடத்தைக்கொண்டுதான், அண்ணா. முதல் ஹுவாவை அடுத்துப் பணம் வருவதால் அது வினை; கடைசி ஹுவா ‘வாங்கு’ என்பதன் பின் வருவதால் அது பெயர். பணத்தைப் போலவே நேரத்தையும் ‘ஹுவா’ செய்யலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஸ்பெண்ட்’ என்ற ஒரே சொல் போதும் என்பதால் மொழிபெயர்ப்பவருக்கு இதில் தொல்லையே இல்லை. செலவழித்தல் என்னும் பொருளைப் பல அகராதிகள் பூவோடு சேர்க்காமல் தனிச் சொல்லாகவே தருகின்றன. எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது, பூ பூவாகவே இருந்துகொண்டு போய்ச் சேரும் இடங்கள்தாம்.

வசந்தி: எழுத்தின் வடிவத்தையும் சொல். மேலே இரண்டு தளிர்கள் போல ஏதோ தெரிகிறதே.

யாழினி: அது புல் பூண்டைக் குறிக்கும் தலைப்பகுதி, அத்தை. கீழே இருப்பது ‘மாறுதல்’ என்று பொருள்படும் எழுத்து. ‘புல் மாறினால் பூ’ என்று மாணவர்கள் மனப்பாடத்துக்காகச் சொல்லிக்கொள்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழ்ப்பகுதி அங்கே நிற்பது ஒலியைக் காட்டுவதற்காகவே.

நடராசன்: நீ கொண்டுவந்த வறுகடலைப் பொட்டலத்திலும் இதே எழுத்து இருப்பதாக முரளி காட்டுகிறான். கடலைக்கு எதற்குப் பூ?

யாழினி: நிலக்கடலைக்கு ‘ஹுவாஷெங்’ என்று பெயர், பெரியப்பா, பூவில் பிறந்தது என்று பொருள். முழுப்பெயர் ‘லுவோ ஹுவாஷெங்’, அதாவது பூ உதிரப் பிறந்தது. ஆங்கிலத்தில் ‘பீனட்’ என்று எழுதியவுடன் பூ காணாமற்போய், பட்டாணியும் கொட்டையும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

நடராசன்: அப்படியானால் பெயர் வைத்தவன் வயலில் குனிந்து பார்த்தவன்தான். மஞ்சள் பூ வாடிய பிறகு அதன் அடியிலிருந்து விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும்; விழுது இறங்கும் பருவத்தில் செடியை அசைக்கக்கூடாது என்று அப்பா நம்மை எத்தனை முறை திட்டியிருக்கிறார் என்பது செல்வத்துக்கு நினைவிருக்கும். ஆங்கிலக்காரன் காய்ந்த கடலையைக் கடையில் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறான்.

செல்வம்: நன்றாக நினைவிருக்கிறது, அண்ணா. யாழினி, நாம் இங்கே சிங்கப்பூர் உணவங்காடி நிலையத்தில் ‘தாவ் ஹுவே’ என்று கேட்டு வாங்கும் சோயா இனிப்பில் வரும் ‘ஹுவே’யும் இந்தப் பூதானா? பலகையில் ஆங்கிலத்தில் ‘பீன்கர்ட்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

யாழினி: அதேதான், சித்தப்பா, அது ஹொக்கியென் என்னும் தென்சீனப் பேச்சுவழக்கின் ஒலிப்பு. ‘பீன்கர்ட்’ என்று எழுதும்போது, கரண்டி பட்டால் கலைந்துபோகும் அந்த மென்மை போய்விடுகிறது. கத்தியால் வெட்டிப் பொரிக்கும் கட்டிக்கும் இதற்கும் ஒரே பெயராகிவிடுகிறது. சீனர்கள் சிதறுவது, தெறிப்பது, விரிவது, துணுக்காகப் பரவுவது எல்லாவற்றையும் பூவாகவே பார்க்கிறார்கள். விழும் பனித்துகள் பனிப்பூ, நெருப்புப் பொறி தீப்பூ, பாறையில் மோதித் தெறிக்கும் நுரை அலைப்பூ, வாணவேடிக்கை புகைப்பூ, கஞ்சியின் மேல் தூவும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் கூட ஒரு பூதான். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது இவை முறையே ஃப்ளேக், ஸ்பார்க், ஸ்ப்ரே, ஃபயர்வொர்க்ஸ் என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத சொற்களாகச் சிதறிவிடுகின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சரியான மொழிபெயர்ப்பு. இவையெல்லாம் ஒரே குடும்பம் என்பதை மட்டும் ஆங்கில வாசகர் அறியவே வழியில்லை.

வசந்தி: துருவிய தேங்காயை நாமும் தேங்காய்ப்பூ என்கிறோமே. ‘நீறு பூத்த நெருப்பு’ என்பதில் சாம்பல் பூக்கிறது. இவற்றை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எவரும் ‘ஃபிளவர்’ என்று எழுத மாட்டார்கள். சீனத்துப் பூ தமிழருக்குப் புரிவதற்கு ஆங்கிலத்தின் வழியாகப் போகாமலிருப்பதே நல்லது என்று தோன்றுகிறது.

யாழினி: பாதி வழிக்கு அது உண்மை, அத்தை. இன்னும் கொஞ்சம் போனால் நமக்கும் கால் இடறும். வாணவேடிக்கையைச் சொல்லும் ‘யென் ஹுவா’ இருக்கிறதல்லவா, முதல் அசையை நீட்டிச் சமமாகச் சொல்லாமல் தாழ்த்தி எழுப்பிச் சொன்னால், தமிழில் எழுதுகையில் வேறுபாடே தெரியாத இன்னொரு சொல்லாகிவிடும்: கண் பூத்துவிட்டது, அதாவது பார்வை மங்கிவிட்டது என்று பொருள். வயதாவதால் வரும் மங்கலுக்கு ‘முதுமைப்பூ’ என்று பெயர். படிப்பதற்காகப் போடும் கண்ணாடி ‘முதுமைப்பூக் கண்ணாடி’.

வசந்தி: அதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்ற அருமையான சொல் இருக்கிறது; ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்றும் சொல்கிறோம்.

யாழினி: அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம், அத்தை. நம் பூ கருவிழியில் விழும் வெண்படலம்; அது கண்ணின் மேல் இருக்கிறது. சீனப் பூ, பார்க்கும் பொருளெல்லாம் கலங்கிப் பல புள்ளிகளாகத் தெரிவது. பலநிறம், புள்ளி, வரி என்பதும் ஹுவாவின் பொருள்களில் ஒன்று. புள்ளியும் திட்டும் உள்ள பூனை பூப்பூனை. கொழுப்பும் கறியும் அடுக்கடுக்காக இருக்கும் பன்றியின் வயிற்றுக்கறி ‘ஐம்பூக்கறி’. ஆங்கில உணவுப் பட்டியலில் அது வெறும் ‘போர்க் பெல்லி’. ஓரிடத்தில் நில்லாமல் பலபேர் மேல் தாவும் மனம் உடையவன் ‘பூமனக்காரன்’. முரளி அண்ணா, இதை மட்டும் செயலியை நம்பிப் பாராட்டாகச் சொல்லிவிடாதீர்கள். பெண்களிடம் நிலையில்லாதவன் என்ற வசை அது.

முரளி: எச்சரிக்கைக்கு நன்றி. ‘வானத்துப் பூ’ என்றும் ஒரு சொல்லை அகராதியில் பார்த்தேன். அது மழையா, விண்மீனா?

யாழினி: பெரியம்மை. 1980இல் உலக நலவாழ்வு அமைப்பு ஒழிந்துவிட்டதாக அறிவித்த அதே நோய்.

வசந்தி: நம்மவர்கள் முத்து என்றார்கள், அவர்கள் பூ என்றிருக்கிறார்கள். சினம் கொள்ளக்கூடியதை அழகான பெயரால்தான் அழைப்பார்கள் போலும்.

நடராசன்: நோயை விடுங்கள். சீட்டுக்கட்டில் ஏதாவது பூ உண்டா?

யாழினி: உண்டு, பெரியப்பா! நீங்கள் கிளாவர் என்று இறக்குவதைச் சீனர்கள் ‘மெய் ஹுவா’ என்கிறார்கள். குளிர்காலத்தின் கடைசியில் பூக்கும் பிளம் மரத்தின் பூ. கவிதையில் அதே இரண்டு எழுத்துகள் வந்தால் ‘பிளம் பிளாசம்’, சீட்டாட்டத்தில் வந்தால் ‘கிளப்ஸ்’.

செல்வம்: எனக்கும் ஓர் ஐயம். இங்கே சீன மருந்துக் கடைகளில் ‘ஹுவா ச்சி’ என்று தொடங்கும் பெயரில் விற்கும் வேரை ஆங்கிலத்தில் ‘அமெரிக்கன் ஜின்செங்’ என்கிறார்கள். பூ எப்படி அமெரிக்கா ஆயிற்று?

யாழினி: ‘ஹுவா ச்சி’ என்றால் பூக்கொடி, சித்தப்பா. 1784இல் முதல் அமெரிக்க வணிகக் கப்பல் கான்டன் துறைக்கு வந்தது. கோடுகளும் விண்மீன்களுமாகப் பலநிறத்தில் இருந்த அந்நாட்டுக் கொடிக்குச் சீனர்கள் வைத்த பெயர் நாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. சிட்டிபேங்க்கின் சீனப் பெயர் இன்றைக்கும் பூக்கொடி வங்கிதான். தெரியாமல் ‘ஃபிளவர் ஃபிளாக் பேங்க்’ என்று மொழிபெயர்த்தால் அப்படி ஒரு வங்கியை எங்கும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

செல்வம்: சீன மொழியை ‘ஹுவா யூ’ என்கிறார்களே, அதுவும் பூமொழியா?

யாழினி: எழுத்து வேறு, ஏறும் குரலும் வேறு; ஆனால் உறவு உண்டு. அந்த ‘ஹுவா’தான் பழங்காலத்தில் பூவைக் குறித்தது. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பில், மணமகளைப் பாடும் இடத்தில் பீச் மரம் அந்தப் பழைய எழுத்தால்தான் பூக்கிறது. பிற்காலத்தில் அது பொலிவு, சிறப்பு, சீனம் என்ற பொருள்களுக்குப் போய்விட, பூவுக்கு இப்போதுள்ள எழுத்து வந்தது.

முரளி: அப்படியானால் பூ என்றே பொருள்படும் இடங்களில் மொழிபெயர்ப்பவர் நிம்மதியாக இருக்கலாம்.

யாழினி: அங்கேதான் நான் இரவெல்லாம் விழித்திருக்கிறேன், அண்ணா. ஆங்கிலத்தில் பழமரத்தில் பூப்பது ‘பிளாசம்’, தோட்டத்துச் செடியில் பூப்பது ‘ஃபிளவர்’ என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு ஒன்றா பலவா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் சீனம் சொல்வதில்லை. தாங் காலத்துக் கவிஞர் மெங் ஹாவ்ரான் வசந்தகால விடியலைப் பாடிய நான்கு வரிப் பாட்டு சீனக் குழந்தைகள் எல்லாருக்கும் மனப்பாடம். இரவு காற்றும் மழையும் கேட்டதே, பூ உதிர்ந்தது எவ்வளவோ என்று முடியும். ஆங்கிலத்தில் ‘ஃபிளவர்ஸ்’, ‘பிளாசம்ஸ்’, ‘பெட்டல்ஸ்’ என்று ஆளுக்கொன்றாக எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ‘பெட்டல்ஸ்’ என்று எழுதினால் உதிர்ந்தது இதழ்தான், பூ காம்பில் இருக்கிறது என்று ஆகிவிடும்.

இதைவிடக் கடினமானது அதே தாங் காலத்துக் கவிஞர் தூ ஃபூவின் ஒரு வரி. 755இல் ஆன் லூஷான் கலகம் மூண்டு, மறு ஆண்டு தலைநகர் சாங்கான் கலகக்காரர் கையில் விழுந்தது. அங்கே சிக்கிக்கொண்ட தூ ஃபூ 757ஆம் ஆண்டு வசந்தத்தில் இதைப் பாடினார். வரியில் ஐந்தே எழுத்துகள்: உணர், காலம், பூ, தெறி, கண்ணீர். காலத்தின் கேட்டை எண்ணும் கவிஞர், பூவைக் கண்டு கண்ணீர் விடுகிறார் என்று படிக்கலாம். காலத்தின் கேட்டை உணர்ந்து பூவே கண்ணீர் சிந்துகிறது என்றும் படிக்கலாம். சீன உரையாசிரியர்களிடமே இரண்டு கட்சி உண்டு. ஆங்கிலத்தில் எழுவாய் வைக்காமல் வாக்கியம் நிற்காது. ‘ஐ’ என்று எழுதினாலும் ‘ஃபிளவர்ஸ்’ என்று எழுதினாலும் மற்றக் கட்சி வெளியே தள்ளப்படுகிறது.

வசந்தி: தமிழில் அழுபவர் யார் என்று சொல்லாமலே எழுதலாமே. ‘காலம் நினைந்தால் மலர்தோறும் கண்ணீர்.’ மலரைக் கண்டு நான் சிந்திய கண்ணீரும் ஆகும், மலரே சிந்திய கண்ணீரும் ஆகும்.

யாழினி: அத்தை, இதை என் பேராசிரியருக்கு உங்கள் பெயரோடு அனுப்பப்போகிறேன். ‘தெறி’ என்ற வினை விடுபட்டாலும் இரு பொருளும் தங்கிவிட்டன.

நடராசன்: எங்கள் தொழிற்சங்க அலுவலகச் சுவரில் ‘நூறு பூக்கள் மலரட்டும், நூறு சிந்தனைகள் மோதட்டும்’ என்று எழுதிவைத்திருந்தோம். முரளியின் அலுவலகத்தில் ‘ஆயிரம் பூக்கள்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்களாம். மாவோ சொன்னது நூறுதானே?

யாழினி: நூறுதான், பெரியப்பா. 1956இல் அந்த முழக்கத்தின் பெயரால் கருத்துச் சொல்ல அழைத்தார்கள். சொன்னவர்கள்மேல் 1957இல் வலதுசாரி எதிர்ப்பு இயக்கம் பாய்ந்தது. ஆங்கிலத்தில் ஆயிரம் என்று சொல்பவர்கள் எல்லாரும் விரும்பியதைச் செய்துபார்க்கட்டும் என்ற பொருளில் அதைக் கூட்டங்களில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எண் பிழைதான், ஆனால் சீனத்தில் ‘நூறு பூ’ என்பது எண்ணிக்கை இல்லை, எல்லா வகைப் பூக்களும் என்றே பொருள் என்பதால், அந்த ஒரு பிழையை என்னால் பெரிதாகக் கடிந்துகொள்ள முடியவில்லை. எனக்கு உறுத்துவது ‘மோதட்டும்’ என்பதுதான். மூலத்தில் அந்த இடத்தில் உள்ளது போட்டியிட்டுக் குரலெழுப்புதல். அதன் இரண்டாம் எழுத்தில் ஒரு பறவை இருக்கிறது.

நடராசன்: ‘கூவட்டும்’ என்று எழுதியிருந்தால் மாவட்டச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.