நாணுறை அழற்சியா, நாணுறைத் தடிப்பா?

வணக்கம். நோயாளிகளுக்கான கையேடு நாளைக் காலை அச்சுக்குப் போகிறது, ஒரு நோயின் தமிழ்ப் பெயர் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. பெருவிரலை இயக்கும் இரண்டு தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள்) மணிக்கட்டோரம் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து இறுகினால் விரலை மடக்கி முட்டி பிடித்துக் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது சுரீர் என்கிறது. 1895-இல் இதை விவரித்த சுவிஸ் மருத்துவர் டி கெர்வானின் பெயரிலேயே வழங்குகிறது. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வலி வந்த தாய்மார்தான் அதிகம் படிப்பார்கள், அந்தப் பெயர் அவர்களுக்கு எதற்கு? 'தசைநாணுறை அழற்சி' சரிதானா?

—

நாண் சரி. நெட்டெழுத்தை அடுத்த ஒற்று என்பதால் ணகரம் இரட்டாது, புணர்ச்சியும் சரி. 'தசைநார்' மட்டும் வேண்டாம், ஆளுக்கொரு பொருளில் எழுதிக் குழப்பிவிட்டார்கள். ஆனால் அழற்சி? அழல் என்றால் தீ, சிவந்து சூடாகி வீங்குவதைச் சொல்லும் சொல் அது. நுண்ணோக்கியில் பார்த்தால் நாள்பட்ட நோயில் அழற்சி அணுக்கள் பெரிதாக இல்லை, உறை தடித்திருப்பதுதான் தெரிகிறது. 'நாணுறைத் தடிப்பு' என்பதே உண்மை.

—

ஐயா, தடிப்பு என்றால் நோயாளி தோலில் வரும் தடிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். 'நாணுறை'யை வாய்விட்டுச் சொன்னால் ஆணுறை என்று காதில் விழுகிறது, கூட்டம் நிற்கும் வெளிநோயாளர் பிரிவில் அதை நான் எப்படிச் சொல்வது? அப்புறம், இந்த வலிக்கு ஊசியில் போடும் ஸ்டீராய்டை 'ஊக்கமருந்து' ஆக்கிவிடாதீர்கள். விளையாட்டு வீரர்கள் மாட்டிக்கொள்ளும் சமாச்சாரம் என்று பயந்து ஊசியே வேண்டாம் என்பார்கள். 'ஸ்டீராய்டு ஊசி' எல்லாருக்கும் புரியும். மருந்து உறைக்குள் போக வேண்டும், நாணுக்குள் அல்ல. ஊசி முனை நாணில் இருந்தால் மருந்து இறங்காமல் முரண்டும், மெல்லப் பின்னிழுத்தால் தடையில்லாமல் போகும். சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறலாம், குத்திய இடத்தில் தோல் வெளுக்கலாம். இதையெல்லாம் தெளிவாக எழுதுங்கள், பெயர் அடுத்தது.

—

உறையைக் கைவிடக் கூடாது. வாளுக்கும் உறை, தங்குவதும் உறைதல். 'வானுறையும் தெய்வத்துள்' என்று குறளிலேயே இருக்கிறது. நாண் உறையும் இடம் உறை என்று பார்த்தால் எவ்வளவு பொருத்தம்! பால் தயிராக உறைவதும் இதே வேரா என்று தனி இழையில் எழுதுகிறேன்.

—

நேரமில்லை, மன்னிக்கவும். ஆணுறை என்று காதில் விழாதபடி 'பெருவிரல் தசைநாண் உறை அழற்சி' என்று சொற்களைப் பிரித்தே போடுகிறேன். ஸ்டீராய்டு அப்படியே இருக்கும்.

—

பிரித்து எழுதுவது சரி. அழற்சிக்கு நான் உடன்படவில்லை. அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள்.